கல்புரட்டிக்கு மாப்பிள்ளை என்று பெயர்

என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து கரண்டியால் கிளறிப் பார்த்த மனிதரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கச் சொல்லி அவர் கேட்கவும் இல்லை, அது வேறு விஷயம்.

முதலிலிருந்து சொல்கிறேன். அலங்கார மீன் கடை ஒன்றில் எனக்கு வேலை. கடையில் நின்று விற்கிற வேலை அல்ல, வீடு வீடாகப் போய்த் தொட்டி கழுவுகிற வேலை. அதிலும் கடல் தொட்டி. நல்ல தண்ணீர்த் தொட்டி என்றால் அந்த வீட்டுக் குழாயைத் திறந்தால் போயிற்று. கடல் தொட்டிக்கு அது ஆகாது. கடையின் பின்பக்கம் பெரிய பீப்பாயில் உப்பைக் கரைத்து, ஒரு நாள் முழுக்க மோட்டார் விட்டுக் கலக்கி, உப்பின் அளவைப் பார்த்து, கேனில் பிடித்துத் தோளில் வைத்துக்கொண்டு போக வேண்டும். ஒரு கேன் இருபது லிட்டர். பெரிய தொட்டிக்கு நாலு கேன். பதினேழு வருடமாகச் சுமக்கிறேன். வலது தோள் இடது தோளைவிட ஒரு விரற்கடை இறங்கிவிட்டது என்று என் மனைவி சொல்கிறாள். அவள் இஸ்திரிக் கடையில் வேலை பார்க்கிறவள், சட்டையைப் பார்த்தே ஆளின் கோணலைச் சொல்லிவிடுவாள். போகிற வீட்டிலெல்லாம் எனக்குக் கேன்காரர் என்றே பெயர்.

பல் டாக்டர் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் உண்டு. உப்புத் தண்ணீர் சிந்தினால் லிஃப்ட் துருப்பிடிக்கும் என்று எனக்கு மட்டும் படிக்கட்டு.

அந்த வீட்டுத் தொட்டியைக் குறை சொல்ல முடியாது. ஹால் சுவரில் பாதிக்கு மேல் அதுதான். உள்ளே பாறை அடுக்கு, பாறைமேல் பவளங்கள், அடியில் நாலு விரல் உயரத்துக்கு வெள்ளை மணல். ஒவ்வொரு புதன்கிழமையும் காலை பத்து மணிக்கு நான் போய்க் கண்ணாடி துடைப்பேன். குழாயை மணலில் விட்டு அழுக்கை உறிஞ்சி எடுப்பேன். பழைய தண்ணீரைக் கழித்துப் புதுத் தண்ணீர் ஊற்றுவேன். கிளம்பும்போது மணல் சலித்த மாவு மாதிரி கிடக்கும். இதை நான் பெருமையாகத்தான் சொல்கிறேன். அந்தப் பெருமைதான் என் கழுத்துக்குக் கயிறு என்பது அப்போது தெரியாது.

அங்கே போகத் தொடங்கி ஆறு வருடம். அதில் நாலு வருடம் ஒரு வம்பும் இல்லை. ஐந்தாவது வருடம் மாப்பிள்ளை வந்தார்.

அது ஒரு மீன். புத்தகத்தில் ராஸ் என்று போட்டிருக்கும் சாதியில் ஒன்று. நாங்கள் கடையில் கல்புரட்டி என்போம். குஞ்சாக இருக்கும்போது கட்டைவிரல் அளவு. பிய்ந்த பாசி இலை ஒன்று தண்ணீரில் அலைகிற மாதிரி தலைகீழாகவும் பக்கவாட்டிலும் ஆடி ஆடிப் போகும். பார்க்கிறவர்கள் மயங்கிவிடுவார்கள். டாக்டரும் கடைக்கு வந்து பார்த்து மயங்கினார். நான் முதலாளியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்.

“முதலாளி, இது கல்புரட்டி. வளர்ந்தா ஒரு சாணுக்கு மேல போகும். நத்தை, நண்டு, இறால் ஒண்ணையும் விட்டு வைக்காது. கல்லைப் புரட்டிப் போட்டுத் தேடித் தின்னும். பவளத் தொட்டிக்கு ஆகாது.”

“யோவ், விக்கிறது நம்ம வேலை, வளர்க்கிறது அவங்க வேலை. நீ கேனைத் தூக்கு.”

நான் கேனைத் தூக்கினேன். அன்று வாயை மூடிக்கொண்டது என் தப்பு. அதை ஒப்புக்கொண்டுதான் மேலே எழுதுகிறேன்.

ஒன்றரை வருடத்தில் இலை போய் மீன் ஆகிவிட்டது. சாம்பல் உடம்பு, செதிலுக்குச் செதில் வெள்ளைப் புள்ளி, முரட்டுத் தாடை. டாக்டருக்கு அதன் பல்மேல்தான் ஆசை. ஒரு விடுமுறை நாளில் என்னை நிற்க வைத்து விளக்கினார்.

“பாருப்பா, முன்னாடி கோரைப்பல். தொண்டைக்குள்ள இன்னொரு செட்டு, அரைக்கிற பல்லு. என் க்ளினிக்குக்கு வர்றவங்கள்ல ஒருத்தனுக்குக்கூட இப்படி ஒரு வாய் கிடையாது.”

பல்லைப் பற்றி எல்லாம் தெரிந்தவர், அது எதைக் கடிப்பதற்கு என்று மட்டும் ஒரு நிமிடம் யோசிக்கவில்லை.

மாப்பிள்ளை என்று பெயர் வைத்தது அந்த வீட்டுச் சமையல்கார அக்கா. “வேளாவேளைக்குத் தட்டுல வந்து விழணும். மிச்ச நேரம் படுக்கை. கேள்வி கேக்க ஆளில்ல. மாப்பிள்ளைதானே அண்ணே?” என்றார். டாக்டருக்கே அந்தப் பெயர் பிடித்துப்போய்விட்டது.

படுக்கை என்பது உண்மை. சாயங்காலம் ஆறு மணி ஆனால் அது மணலுக்குள் தலைகுப்புறப் பாய்ந்து மறைந்துவிடும். விடிந்துதான் எழும். டாக்டர் காலையில் அவசரமாகக் க்ளினிக்குக்கு ஓடுவார், வீடு திரும்புவது இரவு ஏழு மணிக்கு. வேலை நாளில் அவர் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கையால் ஊட்டுவார். வயிறு முட்டத் தின்றுவிட்டு அது சாதுவாகச் சுற்றி வரும். “எவ்வளவு நல்ல பிள்ளை பாரு” என்பார். ஊட்டி வளர்க்கிற நாளில் எல்லாரும் நல்ல பிள்ளைதான்.

டாக்டரின் இன்னொரு ஆசை இரண்டு இறால்கள். சிவப்பு முதுகில் வெள்ளைக் கோடு போட்ட ஜாதி. மற்ற மீன்களின் வாய்க்குள் போய்ப் பல்லிடுக்கில் இருப்பதைக் கிளறிச் சுத்தம் செய்யும். பல் டாக்டருக்குக் கேட்க வேண்டுமா? நர்ஸ் என்று கூப்பிடுவார். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் முதலில் நர்ஸைக் காட்டுவார், பிறகுதான் மனைவியை.

ஒரு நாள் இரண்டு நர்ஸும் இல்லை. புதிதாக இரண்டு வாங்கி விட்டார். அதுவும் போயிற்று. கண்ணாடியில் ஊர்ந்த நத்தைகள் குறைந்தன. சங்குக்குள் குடியிருக்கும் குட்டி நண்டுகள் குறைந்தன. மூன்றாவது தடவையாக நர்ஸ் வந்தார்கள், அவர்களும் தங்கவில்லை. அடுத்த புதன்கிழமை நான் வேலை முடித்துக் கதவருகே வாளியோடு நிற்கும்போது, க்ளினிக்குக்குப் போயிருக்க வேண்டிய டாக்டர் உள்ளறையிலிருந்து வந்தார்.

“வாளியை வை. பையைத் திற.”

எனக்கு முதலில் புரியவில்லை. குழாய் ஏதோ மாறி வந்துவிட்டது போல என்று நினைத்துப் பையைத் திறந்தேன். அவர் வாங்கித் தலைகீழாகக் கொட்டினார். உறிஞ்சு குழாய், துண்டு, கண்ணாடி தேய்க்கும் பழைய பல் துலக்கும் பிரஷ், என் மூக்குக் கண்ணாடி, சாப்பாட்டு டப்பா. அவருடைய மனைவி சோபாவிலிருந்து எழுந்து நின்றார். சமையல்கார அக்கா உள்ளே அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார்.

“சார், என்ன சார் தேடறீங்க?”

“என்ன தேடறேன்னு உனக்குத் தெரியாது?”

டப்பாவைத் திறந்தார். சாப்பாட்டு மேஜையிலிருந்து ஒரு கரண்டியை எடுத்துக் கிளறினார். என் மனைவி காலையில் நாலரை மணிக்கு எழுந்து கட்டிக் கொடுத்தது.

“சார், உயிரோட இருக்கிற இறாலைச் சாப்பாட்டு டப்பாவுல போட்டு நான் என்ன சார் பண்ணுவேன்? அதுக்குத் தண்ணி வேணும், காத்து வேணும்...”

“அதெல்லாம் நல்லாத் தெரிஞ்ச ஆளு நீதானே? பகல்ல இந்தத் தொட்டியில கை விடறது நீ ஒருத்தன்தான்.”

“நான் எடுக்கல சார். மாப்பிள்ளை தின்னுருக்கும். அது அந்த ஜாதி மீனு.”

டாக்டர் சிரித்தார். அந்தச் சிரிப்பு இருக்கிறதே, பையைக் கொட்டியதைவிட அதுதான் சுட்டது.

“அவனா? அவன் என் கையில வாங்கிச் சாப்பிடறவன்ப்பா. சரி, தின்னான்னே வச்சுக்கோ. ஓடு எங்க? நத்தை ஓடு, நண்டுச் சங்கு, ஒண்ணாவது கிடக்கணுமில்ல? மணலைப் பாரு, பளிச்சுனு இருக்கு.”

“ஓட்டை நான்தான் சார் வாராவாரம் உறிஞ்சி எடுத்துக் கொட்டினேன்.”

சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கிறது என்று எனக்கே தெரிந்தது. திருடன் சொல்கிற பதில் மாதிரியே இருந்தது. உண்மையோ அதுதான். புதன்தோறும் குழாயில் ஓட்டுத் துண்டு கலகலவென்று ஏறும். நத்தை செத்திருக்கும், எங்கேதான் சாகவில்லை என்று நினைத்து வடிகாலில் கொட்டிவிடுவேன். குப்பையை யார் எண்ணிப் பார்ப்பார்கள்? சுத்தமாக வேலை செய்து எனக்கிருந்த ஒரே சாட்சியை நானே ஒழித்துக்கட்டியிருக்கிறேன்.

டாக்டர் அலமாரியைத் திறந்து வருகை நோட்டை எடுத்தார். ஒவ்வொரு வீட்டிலும் கடையின் நோட்டு ஒன்று இருக்கும். தேதி, தண்ணீரின் சூடு, உப்பு அளவு, வேலைக்கு ஒரு டிக். ஆரம்ப நாளிலிருந்து நான் எண்ணும் டிக்கும்தான் போட்டு வருகிறேன். வீட்டுக்காரர்கள் ஏதாவது சொல்ல வேண்டுமானால் கடைசிக் கட்டத்தில் எழுதுவார்கள். டாக்டர் நின்றபடியே நாலு வரி எழுதி நோட்டை மடித்து என் கையில் கொடுத்தார்.

“இதை உங்க முதலாளிகிட்ட கொடு. தண்ணி விஷயம்.”

நான் எழுத்துக் கற்றுக்கொண்டது நாற்பத்து நாலாவது வயதில், தொழிலாளர் சங்க அலுவலகத்தில் நடந்த பெரியவர்கள் வகுப்பில். மூன்று வருடம் ஆகிறது. அதை நான் எந்த வீட்டிலும் போய்ச் சொல்லிக்கொள்ளவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? இரண்டாவது மாடித் திருப்பத்தில் கேன்களை இறக்கி வைத்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோட்டைத் திறந்தேன். டாக்டர் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தது. ஆனாலும் படித்தேன்.

‘இறால் மூன்றாவது முறையாகக் காணவில்லை. இந்த ஆள் எடுப்பதாகச் சந்தேகம். இனி இவரை அனுப்ப வேண்டாம். மற்ற வீடுகளுக்கும் இதைச் சொல்லிவிடவும்.’

என் மேல் சொன்ன பழியை என் கையிலேயே சுமக்கக் கொடுத்திருக்கிறார். கேன் சுமக்கிறவன்தானே, இதையும் சுமக்கட்டும். அந்தத் தாளைக் கிழித்துப்போட்டுவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. கிழித்தால் அது திருடன் வேலை. நோட்டை மூடினேன்.

மேலேயிருந்து செருப்புச் சத்தம். சமையல்கார அக்கா. என் துண்டை விட்டுவிட்டு வந்திருந்தேன், அதைக் கொண்டுவந்தார்.

“மனசுல வச்சுக்காதீங்க அண்ணே. அவருக்கு இறால்னா பைத்தியம். அது போகட்டும், அந்த மோட்டாரைக் கடைசி வரைக்கும் நீங்க சரி பண்ணவே இல்லையே. தினம் காலையில டொக்கு டொக்குன்னு தலையில அடிக்கிற மாதிரி இருக்கு.”

அந்த மோட்டார் சத்தத்தைப் பற்றி அவர் பல தடவை சொல்லியிருந்தார். மூன்று தடவை நான் மோட்டாரைக் கழற்றிக் கழுவி மாட்டியிருந்தேன். நான் இருக்கும்போது சத்தமே வராது.

“எப்படி அக்கா அடிக்கும்? விடாமலா?”

“இல்ல அண்ணே. டொக்கு, டொக்கு, டொக்கு. அப்புறம் நிறுத்தும். அப்புறம் மறுபடி டொக்கு.”

எந்த மோட்டார் நிறுத்தி நிறுத்தி அடிக்கும்? நான் தொட்டியில் கை விட்டதும் மாப்பிள்ளை மணலுக்குள் ஓடிவிடுவார். அதனால்தான் நான் இருந்தால் சத்தம் இல்லை.

“அக்கா, நாளைக்குச் சத்தம் வரும்போது அடுப்பை விட்டுட்டு மெதுவா வந்து தொட்டியைப் பாருங்க. கிட்ட போகாதீங்க. தூரத்துலயிருந்து பாருங்க.”

மறுநாள் அவர் கடைக்கே போன் செய்துவிட்டார். “அண்ணே, ஒரு தட்டைக் கல்லு இருக்குல்ல, அதுல வச்சு அடிக்குது. நத்தையை வாயில கவ்விக்கிட்டுத் துணி துவைக்கிற மாதிரி அடிக்குது. ஓடு தெறிச்சதும் உள்ள இருக்கறதை எடுத்துக்குது. அடப்பாவி மாப்பிள்ளை!”

“டாக்டர்கிட்ட சொன்னீங்களா?”

“என்னை யாரு கேட்டா? நானா போய்ச் சொன்னா, நீங்க ரெண்டு பேரும் கூட்டாம்பாரு. நான் அந்த வீட்டுலதானே கஞ்சி குடிக்கணும்.”

போனை வைத்தேன்.

நோட்டை முதல் நாளே முதலாளியிடம் கொடுத்திருந்தேன். அவர் படித்தார். மூடி மேஜைக்குள் வைத்தார்.

“என்ன முதலாளி எழுதியிருக்கு?”

“ஒண்ணுமில்லய்யா. தண்ணி கொஞ்சம் கலங்கலா இருக்காம்.”

“நான் படிச்சிட்டேன் முதலாளி.”

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பாதி விழுங்கிய மாத்திரை தொண்டையில் நின்ற மாதிரி இருந்தது.

“அது என்ன மீனுன்னு உங்களுக்கு நல்லாத் தெரியும். நான் அன்னைக்கே சொன்னேன். ஒரு வார்த்தை டாக்டர்கிட்ட சொல்லுங்க. அவ்வளவுதான் கேக்கறேன்.”

“என்னன்னு சொல்ல? தப்பான மீனை நான் வித்துட்டேன்னா? கடைக்குப் பேர் என்ன ஆகும்? கொஞ்ச நாள் பின்னாடி உப்பு கலக்கிட்டு இரு. சூடு ஆறட்டும்.”

“கடைக்குப் பேர் போகக் கூடாது. என் பேர் போகலாமா?”

“நீ என்ன பேப்பர்லயா வந்துட்ட? நாலு சுவத்துக்குள்ள நடந்தது.”

நாலு சுவருக்குள் நிற்கவில்லை. டாக்டரே சொல்லியிருப்பார் போல, அந்த வாரத்திலேயே இரண்டு வீட்டிலிருந்து போன். வேறு ஆள் இருந்தால் அனுப்புங்கள், இல்லாவிட்டால் கொஞ்ச நாள் போகட்டும் என்றார்கள். இரண்டும் நான் வருடக்கணக்காகப் போகிற வீடுகள். ஒரு வீட்டில் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு வெளியூர் போவார்கள். வீட்டுக்குள் நுழைந்து செய்கிற வேலையில், கை சுத்தம் என்ற பேச்சு போய்விட்டால் அப்புறம் எதைத் தூக்கிக்கொண்டு எந்தப் படி ஏறுவது?

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். இஸ்திரிப் பெட்டியைத் தூக்கித் தூக்கி வீங்கின கையை வெந்நீரில் வைத்திருந்தாள்.

“டப்பாவைக் கிளறினானா?” என்றாள். வேறு எதையும் கேட்கவில்லை. “நான் கட்டிக்கொடுத்ததைக் கிளறினானா?”

“ஆமா.”

“நீங்க என்ன பண்ணீங்க?”

“எடுத்து மூடி வச்சேன்.”

“நல்லா மூடினீங்க. மீனுக்குப் பரிஞ்சு பேச டாக்டர் இருக்காரு. உங்களுக்குப் பேச உங்க வாயாவது இருக்கா? அந்த வகுப்புக்கு மூணு வருசம் போனீங்களே, கையெழுத்துப் போட மட்டும்தானா?”

வெந்நீரைக் கொட்டிவிட்டு எழுந்து உள்ளே போனாள்.

அடுத்த நாள் டாக்டரே கடைக்கு வந்தார். நான் பின்பக்கம் உப்புப் பீப்பாயருகே இருந்தேன். என்னைப் பார்க்காத மாதிரி பேசினார். இனி வீட்டுக்கு யாரும் வரவேண்டாம், கண்ணாடியைத் தானே துடைத்துக்கொள்வாராம். புதிதாக இரண்டு நர்ஸ், ஒரு டஜன் நத்தை வேண்டும். “இப்பப் பாருங்க, ஒண்ணுகூடக் குறையாது” என்றார். முதலாளி தலையை ஆட்டினார். அது எங்கே போய்ச் சேரும் என்று தெரிந்தே ஆட்டினார். “யோவ், பேக் பண்ணு” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். என் கையால்தான் பையில் தண்ணீர் பிடித்து, காற்று அடைத்து, ரப்பர் வளையம் போட்டேன். நர்ஸ் இரண்டும் மீசையை ஆட்டிக்கொண்டு என்னைப் பார்த்தன. உங்களையும் என்னையும் ஒரே ஆள்தான் தின்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம். அந்த வீட்டு மணலை யாரும் உறிஞ்சவில்லை. எனக்கு வேண்டியதும் அதுதான் என்பதைப் பீப்பாயைக் கலக்கிக்கொண்டிருக்கும்போது மெல்லப் புரிந்துகொண்டேன். மூன்றாவது புதன்கிழமை காலை எட்டரைக்கு டாக்டர் போனில் அலறினார். பாறை அடுக்கு சரிந்துவிட்டதாம். மாப்பிள்ளை அடியில் தோண்டித் தோண்டிக் கல் உருண்டு, பெரிய பவளத்தின் மேல் விழுந்து, அது நசுங்கி அழுகித் தொட்டியே பால் மாதிரி ஆகிவிட்டது.

முதலாளியால் ஒரு கேனைக்கூட அசைக்க முடியாது. வேறு ஆளும் இல்லை. என்னைப் பார்த்தார்.

“போய்த் தண்ணியை ஊத்திட்டு வந்துடு. வாயைத் திறக்காத.”

“நீங்களும் வாங்க. அந்த நோட்டையும் எடுத்துக்குங்க. இல்லாட்டி நான் போகல.”

முறைத்தார். போன் மறுபடி அடித்தது. நோட்டை எடுத்துக்கொண்டார்.

முதலாளியும் நோட்டும் லிஃப்டில் போனார்கள். நானும் கேன்களும் படியில் போனோம், இரண்டு நடை. டாக்டர், அவர் மனைவி, சமையல்கார அக்கா, முதலாளி எல்லாரும் ஹாலில் நின்றார்கள். நாலு கேனையும் தொட்டியிலிருந்து தள்ளி வரிசையாக வைத்தேன். மூடியைத் திறக்கவில்லை. ஒரு கேன்மேல் உட்கார்ந்தேன். அந்த வீட்டில் ஆறு வருடத்தில் நான் உட்கார்ந்தது அன்றுதான்.

“என்னப்பா உட்கார்ந்துட்ட? ஊத்து. எல்லாம் சாகுது!”

“ரெண்டு வாரமா சாகுது சார். இன்னும் ஒரு மணி நேரம் தாங்கும். எல்லாரும் உட்காருங்க. தொட்டிகிட்ட யாரும் போகாதீங்க. பார்த்துட்டு ஊத்தறேன்.”

“யோவ், என்ன பேசற நீ?” என்றார் முதலாளி.

“நான் கேட்டது உட்காருங்கன்னுதான் முதலாளி. காசு கேக்கல, காலைப் பிடிக்கச் சொல்லல.”

டாக்டர் முகம் சிவந்தது. அவர் மனைவிதான் நாற்காலியை இழுத்தார். “உட்காருங்க. அவர் கேக்கறது அவ்வளவுதானே? அன்னைக்குப் பையைக் கொட்டும்போது நின்னு பார்த்தோம், இன்னைக்கு உட்கார்ந்து பார்ப்போம்.”

டாக்டர் உட்கார்ந்தார்.

கலங்கல் தண்ணீரில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. கால் மணி நேரத்தில் கலங்கல் கொஞ்சம் அடங்கியது. முதலாளி கொட்டாவி விட்டார். பிறகு பாறைக்குப் பின்னாலிருந்து மாப்பிள்ளை வந்தார். ஆள் நடமாட்டம் இல்லை என்றதும் நடையே வேறு. கண்ணை உருட்டி ஒரு கல்லைப் பார்த்தார். பக்கவாட்டில் வாயைக் கொடுத்து நெம்பினார். கல் புரண்டது. அடியில் சங்குக்குள் ஒளிந்த குட்டி நண்டு ஒன்று. கவ்வினார். நேராகத் தட்டைக் கல்லுக்குப் போனார். தலையை அப்படியும் இப்படியும் வீசினார்.

டொக்கு. டொக்கு. டொக்கு.

“இதான்! இந்த மோட்டார்தான்!” என்று சமையல்கார அக்கா கத்தியேவிட்டார்.

சங்கு உடைந்து தெறித்தது. அப்போதுதான் எல்லாரும் தட்டைக் கல்லின் அடியைப் பார்த்தார்கள். நத்தை ஓடு, சங்குத் துண்டு, சிவப்பும் வெள்ளையுமாக இறாலின் தலை ஓடு. ஒரு சின்னக் குவியல். இரண்டு வாரத்துச் சாப்பாடு.

டாக்டர் எழுந்தார். வெட்கப்படப் போகிறார் என்று நினைத்தேன். அவர் போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தார். “என்ன கடி! பார்த்தீங்களா அந்தத் தாடையை? கல்லை ஒரு கருவி மாதிரி உபயோகிக்கறான்! பிரமாதம்!”

என் பெயரை மென்று துப்பிய வாயை அவர் பிரமாதம் என்கிறார்.

“போனைக் கீழ வைங்க,” என்றார் அவர் மனைவி.

“இல்லம்மா, இதை நான்...”

“கீழ வைங்க.”

வைத்தார். என்னைப் பார்த்து, “சரிப்பா, விடு. ஏதோ தப்பா நினைச்சுட்டோம். இப்பத் தண்ணியை ஊத்து,” என்றார்.

“விடறேன் சார். அந்த நோட்டை வாங்குங்க. எந்தப் பக்கத்துல எழுதினீங்களோ அதே பக்கத்துல எழுதுங்க.”

“எந்தப் பக்கத்துல என்ன...”

நான் கேன்மேல் உட்கார்ந்தபடியே சொன்னேன், அந்த நாலு வரியையும், ஒரு எழுத்துக் குறையாமல். இரண்டு வாரமாகப் பீப்பாயோடு சேர்த்து அதையும் கலக்கிக்கொண்டிருந்தவன் நான்.

டாக்டர் வாய் திறந்தது. தொண்டைப் பல் வரைக்கும் தெரிந்தது. “உனக்குப் படிக்கத் தெரியுமா?”

“தெரியாதுன்னு நினைச்சுத்தானே சார் என் கையிலேயே கொடுத்தனுப்பினீங்க?”

அவர் பேனாவை எடுத்தார். எழுதி நீட்டினார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி படித்தேன். ‘இறால்களை மீன் தின்றது தெரியவந்தது.’

“மீனைப் பத்தி எழுதியிருக்கீங்க. என்னைப் பத்தி எங்க? கேன்காரர் எடுக்கலைன்னு எழுதுங்க.”

எழுதினார்.

“கடைசி வரி ஒண்ணு இருந்ததே சார். மற்ற வீடுகளுக்கும் இதைச் சொல்லிவிடவும். அதையும் போடுங்க. அதே வார்த்தையா இருக்கட்டும்.”

அதையும் போட்டார். நோட்டை முதலாளி கையில் கொடுத்தேன். “படிச்சிட்டீங்கள்ல? அந்த ரெண்டு வீட்டுக்கும் இங்கேயிருந்தே போன் பண்ணுங்க. என் காது கேக்கப் பண்ணுங்க.”

“கடைக்குப் போய்...”

“தண்ணி கேனுக்குள்ளதான் இருக்கு முதலாளி.”

டாக்டர் கடுகடுவென்று முதலாளியைப் பார்த்தார். “பண்ணுங்களேன்! இந்த மீனை எனக்கு வித்ததே நீங்கதானே? அதைப் பத்தி நாம தனியாப் பேசணும்.” முதலாளி போன் செய்தார். இரண்டு வீட்டுக்கும். மீன் தின்றது, நம்ம ஆள் சுத்தம் என்றார். சொல்லும்போது ஒவ்வொரு வார்த்தையையும் கல்லில் அடித்து உடைத்த மாதிரி சொன்னார்.

பிறகு நான் எழுந்து வேலையைப் பார்த்தேன். அழுகின பவளத்தை எடுத்தேன், கல்லை அடுக்கினேன், நாலு கேனும் ஊற்றினேன். மீனை என்ன செய்வது என்று டாக்டர் கேட்டார். இறால் வேண்டுமா மாப்பிள்ளை வேண்டுமா, ஒன்றைச் சொல்லுங்கள் என்றேன். அவர் பதில் சொல்வதற்குள் முதலாளி, மாப்பிள்ளைக்குத் தனியாக ஒரு பெரிய தொட்டி வைத்துவிடலாம் என்று ஆரம்பித்தார். அவருக்கு எந்த வெட்கமும் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்காது.

“மணலை உறிஞ்சலியா?” என்று டாக்டர் கேட்டார்.

“ஓடு கிடக்கட்டும் சார். இனிமே இந்த வீட்டுல அதை நான் எடுக்க மாட்டேன்.”

மூக்குக் கண்ணாடியைப் பையில் வைத்தேன். பையை நானே திறந்து, எல்லாரும் பார்க்கும்படி நானே மூடினேன். டப்பாவைப் பற்றி டாக்டர் ஒரு வார்த்தை சொல்வார் என்று கதவருகே கொஞ்சம் நின்றேன். சொல்லவில்லை.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். சமையல்கார அக்கா ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்.

“கிளறிப் பார்த்துட்டுச் சாப்பிடுங்க அண்ணே. உள்ள நர்ஸ் கிர்ஸ் யாராவது இருக்கப் போறாங்க.”

சிரிப்பு வந்தது. புரையேறுகிற அளவுக்கு வந்தது. ஆனால் கோபம் போகவில்லை. டப்பாவை இறுக்கி மூடிப் பையில் போட்டுக்கொண்டு, காலிக் கேன்களை இரண்டு கையிலும் கோர்த்துக்கொண்டு படி இறங்கினேன்.